புகை போகாத மேசை

பகல் 1.40. கொரியன் பார்பிக்யூ கடை, நான்காம் மேசை. நடுவில் தணல். அதற்கு நேர் மேலே, புகையை உறிஞ்ச இழுத்து இறக்கும் குழாய். அக்கா கழற்றி வைத்த, மறைந்த அம்மாவின் தங்க வளையலைக் காணோம்.

"இங்கதான் வச்சேன்! சூடு ஏறுதேன்னு கழட்டி, இந்த இலைத் தட்டுப் பக்கத்துல..."

அக்கா மேசையைத் தடவினாள். அவள் கணவர் இருமிக்கொண்டே கீழே குனிந்து தேடினார். அவர் முன்னாலும் அக்கா முன்னாலும் கை துடைக்கும் ஈரத்துண்டு கிடந்தது. தம்பி எண்ணெய்க் கையைக் காகிதத்தில் துடைத்துவிட்டுச் சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான்.

"நாங்க மூணு பேரும் கொட்டிக் காட்டியாச்சு," என்றாள் அக்கா. "இனி இவ பையைப் பாக்கணும்."

இவள், பரிமாறும் பெண். இறைச்சியைக் கத்தரித்துப் போட்டவள், கருகிய தட்டை மாற்றியவள், சற்று முன் மூவரையும் போட்டோ எடுத்துக் கொடுத்தவள்.

"போலீஸ் வந்து பாக்கட்டும். இவங்க கை என் பை மேல படக்கூடாது."

"காட்டிட்டா முடிஞ்சுதும்மா," கடை முதலாளி கெஞ்சினார். "இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"வரல. எடுக்காதவ எதுக்குத் திறந்து காட்டணும்?"

"வாயைப் பாத்தீங்களா! நெருப்பில்லாமப் புகையுமா?" என்றான் தம்பி.

பக்கத்து மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பல் டாக்டரம்மா இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நல்லாக் கேட்டீங்க தம்பி. உங்க மேசையில நீங்க வந்ததிலேருந்தே நெருப்பு இருக்கு. புகை மட்டும் ஏன் லேட்டா வந்துச்சு?"

"நீங்க யாருங்க?"

"பல் டாக்டர். பயப்படாதீங்க, இன்னிக்கு ஃபீஸ் கிடையாது. சார், எப்போலேருந்து இருமறீங்க?"

கணவர் கண்ணைத் துடைத்தார். "போட்டோ எடுத்த பிறகுதான். அதுவரைக்கும் குழாய் நல்லா இழுத்துச்சு."

"முகத்தை மறைச்சிருக்குமே குழாய்?"

"மறைச்சுது. மச்சான்தான் எழுந்து தூக்கிவிட்டான். அப்புறம் அவனே இறக்கிவிட்டான்."

"நீங்க ரெண்டு பேரும் போனைப் பாத்துச் சிரிச்சீங்க. இந்தப் பொண்ணு உங்க முகத்தைப் பாத்துச்சு. குழாயைத் தூக்கினவர் கையை யார் பாத்தது? தம்பி, உங்க ஈரத்துண்டு எங்கே?"

தம்பி காகிதத்தை எடுத்து மறுபடியும் கையைத் துடைத்தான்.

தணலை அணைக்கச் சொன்னார் டாக்டரம்மா. போன் வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடித்தார். "ஆ... காட்டு," என்று குழாயிடம் சொல்லி, இடுக்கியை விட்டு இழுத்தார். சுருட்டிய துண்டு வந்து விழுந்தது. உள்ளே வளையல்.

"அடுத்தவ மேல பழி போட்டு, ஆரவாரம் அடங்கினதும் எடுத்துக்கலாம்னு இருந்தீங்க. வளையலை ஒளிச்சீங்க. குழாயை அடைச்சா புகை போகாதுங்கறதை மறந்துட்டீங்க."

"எனக்கும்தான் அவங்க அம்மா!" தம்பி வெடித்தான். "இவ மட்டும் போட்டுக்கிட்டுத் திரியலாமா?"

அக்கா வளையலைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "சரி, சரி, குடும்ப விஷயம். வீட்ல பேசிக்கலாம். பில் போடுங்க."

"உக்காருங்க," என்றாள் பரிமாறும் பெண். "என்னைத் திருடின்னு சொன்னது கடை முழுக்கக் கேட்டுச்சு. மன்னிப்பும் கேக்கணும்."

முதலாளி ஏதோ சமாதானம் சொல்ல வந்தார்.

"நீங்களும் வரிசையில நில்லுங்க முதலாளி. அடுத்தது நீங்க."

அக்கா தட்டைப் பார்த்து முணுமுணுத்தாள்: "மன்னிச்சுக்கோம்மா."

பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கடைசி மேசைக்குக் கேக்கல."