ஆரோக்கியராஜின் சொந்த மெட்டு

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து கிடந்ததால் பஸ் தாமதம். ஆரோக்கியராஜ் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நல்லம்பள்ளியில் இறங்கியபோது உச்சி வெயில்.

வீட்டுக்கு வந்து வாசிக்க அழைத்தவர் கிரானைட் வியாபாரி மாதவராஜ். ஐம்பது வருடத்துக்கு முன் லண்டனில் வெளிவந்த ப்ளூஸ் ராக் இசைத்தட்டு ஒன்றை வாங்கி, அதற்கென்றே ஜன்னலில்லாத ஏசி அறை கட்டி, ஊதா விளக்குப் போட்டிருந்தார். செருப்பை வெளியே விடச் சொன்னார். உள்ளே ஊதுபத்தி வேறு. குலசாமிக்குக்கூட அவர் இவ்வளவு செய்திருக்க மாட்டார்.

"இந்தத் தட்டுக்குக் கடன்படாத கிதார்காரன் ஒலகத்துலயே இல்லீங்க, மாஸ்டர்."

அது ஆரோக்கியராஜுக்குத் தெரியாதா? பதினெட்டு வயதில் கேசட்டில் கேட்டவர். அதில் வாசித்துச் செத்துப்போன வெள்ளைக்காரன் கம்பியை இழுக்கும் அந்த இழுவை விரலில் ஒட்டிக்கொண்டு, முப்பது வருடமாகப் போக மாட்டேன் என்கிறது. திருவிழா மேடையில் மாரியம்மன் பாட்டுக்கு நடுவில்கூட வந்து நிற்கும். ‘அவரு கை அப்படியே வந்திருக்கு’ என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று.

சாவதற்குள் ஒன்றாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று போன மாதம்தான் சின்னதாக ஒரு மெட்டுப் போட்டிருந்தார். மனைவி தேவிப்பிரியாவுக்குக்கூட வாசித்துக் காட்டவில்லை.

மாதவராஜ் தட்டிலுள்ள நீளமான கிதார் சோலோவை வாசிக்கச் சொன்னார்.

"இன்னிக்கு என்னோடது ஒண்ணு வாசிக்கறனுங்க, சார்."

வாசித்தார். இழுவை வரவில்லை. விரல்கள் வெகுகாலத்துக்குப் பிறகு லேசாக இருந்தன.

மாதவராஜ் சிரித்தார். "உங்களுதா? ரெண்டாவது பக்கத்துல மொதப் பாட்டுங்க இது."

கேசட் தேயும்வரை கேட்ட பக்கம் அது. அதில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

மாதவராஜ் தட்டைத் திருப்பி ஊசியை வைத்தார்.

கரகரப்பு.

பிறகு, அதே மெட்டு.

ஊதுபத்தி வாசனை போய், அப்போதுதான் வெட்டிய குழியின் ஈரமண் வாசனை அடித்தது.

"வருத்தப்படாதீங்க மாஸ்டர், எல்லாரும் அடிக்கற காப்பிதானே," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, மாதவராஜ் டீ சொல்ல வெளியே போனார்.

மெட்டு, ஆரோக்கியராஜ் முடித்த இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் அவரே இன்னும் போடவில்லை. அடுத்து கீழே இறங்கலாம் என்று தோன்றியது.

தட்டில் கிதார் இறங்கியது.

வேண்டாம், மேலே.

ஏறியது.

பல்லைக் கடித்துக்கொண்டு, எதையும் நினைக்காமல் உட்கார்ந்தார்.

பாட்டு நின்றது. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் அடுத்து என்ன நினைக்கப் போகிறார் என்று காத்திருந்தார்கள்.