நாற்காலியில் யார்

பாட்டு முடிந்த பிறகும் பாடகி ஒரு முறை மூச்சு வாங்கினாள்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அந்த ஒலிப்பதிவு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆளில்லாத கூடத்தில், பக்கவாத்தியம் எதுவுமின்றி, ஒரு பெண் தனியாகப் பாடியது. எந்தப் புது ஸ்பீக்கர் வந்தாலும் முதலில் அதைத்தான் போடுவாள். எங்கே உதடு பிரிகிறது, எங்கே எச்சில் விழுங்குகிறாள் என்பதுவரை மனப்பாடம். கடைசி வரி கூடத்துச் சுவர்களில் மோதித் தேய்ந்து மறையும். அதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது.

"அக்கா! பின்னாடி வந்து நின்னியா?"

"நான் இங்க பேப்பர் திருத்திட்டிருக்கேன். எதுக்குடி கத்தறே?" பக்கத்து அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. வகுப்பறைகளில் கத்திக் கத்தித் தேய்ந்த, கரகரத்த குரல்.

காலையிலிருந்தே சின்னவளுக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒலிக்கருவிகளைக் கேட்டுப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதுவது அவள் தொழில். புத்தக அலமாரியில் அடங்கிவிடுகிற இந்த ஜோடி ஸ்பீக்கரை அனுப்பிவிட்டு ஆசிரியர் போனில் சொன்னார்: "முதல்ல இன்னொருத்தர்கிட்ட குடுத்தோம்மா. ஒரு வரிகூட எழுதாம திருப்பி அனுப்பிட்டார். எந்த ஆம்ப்ளிஃபயர் இதுக்குப் பொருந்தும்னு நீயாவது எழுதிடு." நீயாவது! அந்த ஒரு சொல் இன்னும் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

பார்க்கத்தான் சின்னப் பெட்டிகள், பசியோ யானைப்பசி. டிஃபன் டப்பா அளவிலிருந்த ஆம்ப்ளிஃபயரால் அவற்றுக்குத் தீனி போட முடியவில்லை. கீழ்ச்சுரங்கள் சோனியாக வந்தன. குரல் தூரத்தில், சுவரை ஒட்டி நின்றது. நல்ல ஜோடி என்றால் பாட்டு பெட்டிகளிலிருந்து வராது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத வெற்றிடத்தில், ஆளே வந்து நிற்பதுபோல் கேட்கும். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி எறியாத குறையாக ஒதுக்கிவிட்டு வால்வு ஆம்ப்ளிஃபயரை மாட்டினாள். கண்ணாடிக் குழாய்கள் செக்கச்சிவந்தன, அவற்றின்மேல் படிந்திருந்த தூசி பொசுங்கும் வாடை அறையில் பரவியது, வெளியே மழை ஜன்னல் தகரத்தில் சளசளத்துக்கொண்டிருந்தது. பாடகி இரண்டடி முன்னே வந்து நின்றாள். குரலில் சதை பிடித்திருந்தது. 'நடுச்சுரங்களில் தேன்' என்று எழுதலாம் என நினைத்த அந்த நொடியில், பாடகிக்குப் பின்னாலிருந்து வேறொருவர் மூச்சு விட்டார்.

அது பாடகியுடைய மூச்சல்ல. அவள் மூச்சு வாங்கும் இடங்கள் வேறு. இது கனமாக, மூக்கு வழியாக, அவசரமில்லாமல் வந்தது. ஆள் உயரத்திலிருந்து வந்தது.

சின்னவளுக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. எவனோ பதிவில் கைவைத்திருக்கிறான். இல்லை, தன்னைச் சோதிக்கிறார்கள். வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அந்த மூச்சு.

அக்கா சிவப்புப் பேனாவோடு வாசலில் வந்து நின்றாள். "போதும்டி, தலை வலிக்குது. எதுல போட்டாலும் ஒரே சத்தந்தான்."

"ஒரே சத்தமா? ஒரு ஆள் மூச்சு விடறான், உனக்குக் கேக்கல?"

"உனக்கு மட்டும் எப்பவும் என்னென்னவோ கேக்கும். முதல்ல ஒரு காது டாக்டரைப் போய்ப் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே அந்தச் சிரிப்பு. தங்கை என்ன சொன்னாலும், விருந்தாளிகள் முன்னால், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், அந்தச் சிரிப்பு ஒன்றிலேயே அதைப் பொய்யாக்கிவிடுவாள்.

சின்னவள் விறுக்கென்று திரும்பினாள். மூலையிலிருந்த பெரிய ஆம்ப்ளிஃபயரைத் தரை கீறத் தரதரவென்று இழுத்து வந்தாள். ஒற்றை ஆளாகத் தூக்கவே முடியாத இரும்புப் பாறை அது. மாட்டினாள். சத்தத்தைக் கூட்டினாள்.

பாடகி இல்லை.

பாட்டே இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. இப்போது மிக அருகில்.

அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தாள். ஸ்பீக்கர்கள் உண்டாக்கும் மாயைதான் என்றால் அதுவும் கூடவே நகர்ந்தாக வேண்டும். நகரவில்லை. எழுந்து சுவரோரம் போனாள். நடுவிலேயே நின்றது. சுற்றிப் பின்பக்கம் வந்தாள். அங்கிருந்து கேட்டால், எதுவோ முதுகைக் காட்டி நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது.

அப்போதே அணைத்திருக்கலாம். கைகூடப் பொத்தான்வரை போய்விட்டது.

"பாட்டே ஓடல. அங்க நின்னு என்னடி பண்றே, பைத்தியம் மாதிரி?" அக்கா மறுபடி சிரித்தாள்.

சின்னவள் விடுவிடுவென்று போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தாள். பேனா கீழே விழுந்தது. ஸ்பீக்கர்களுக்கு எதிரேயிருந்த நாற்காலியில் அவளைத் தள்ளி உட்கார வைத்தாள்.

"உக்காரு! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காதைக் குடுத்துக் கேளு!"

"சரிடி, சரி. கையை விடு, வலிக்குது." அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

அதைப் பார்த்ததும் சின்னவள் குமிழைக் கடைசிவரை திருகினாள்.

மூச்சு உள்ளே இழுத்தது. நீளமாக. இன்னும் நீளமாக. ஜன்னல் திரை ஸ்பீக்கர்கள் பக்கம் சாய்ந்தது. அக்காவின் நெற்றி முடிகள் முன்னோக்கிப் பறந்தன.

நின்றது.

சின்னவள் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் வயர்களை அறுத்தெறிந்தாள். ஆம்ப்ளிஃபயரின் விளக்கு அணைந்தது. மழை மட்டும் கேட்டது.

"அக்கா?"

"ஒண்ணுமே கேக்கலையேடி."

அக்காவின் கரகரத்த குரல்தான். ஆனால் நாற்காலியிலிருந்து வரவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவிலிருந்து வந்தது. வெற்றிடத்திலிருந்து.

சின்னவள் நாற்காலியைப் பார்த்தாள். அக்காவின் உதடுகள் அசையவே இல்லை.

"ஏன் இருட்டா இருக்கு? கரண்ட் போயிடுச்சா?" குரல் கொஞ்சம் நடுங்கியது. "ஏய், எங்க இருக்கே? என் கையைப் பிடி."

சின்னவள் ஸ்பீக்கர்களுக்கு நடுவே கையை நீட்டினாள். வெறுங்காற்று. சில்லென்று.

"அக்கா... நான் இங்கதான்..."

"உன்னைப் பாத்துட்டேன்." குரலில் நிம்மதி. பிறகு அது தாழ்ந்தது. ரகசியம் பேசுவதுபோல. "உனக்குப் பின்னாடி, நாற்காலியில உக்காந்திருக்கறது யாருடி?"

சின்னவள் திரும்பினாள்.

அக்காவின் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. வாய் மூடியிருந்தது. மூக்கு விடைத்தது. கனமாக, அவசரமில்லாமல் மூச்சு விட்டபடி, பழக்கமில்லாத கைகளை நாற்காலியில் ஊன்றி, அது எழுந்துகொண்டிருந்தது.