கன்னத்து நிழல்

வண்டி சந்துக்குள் திரும்பியபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

1965ஆம் வருஷம், ஆனி மாதம். எங்கள் நாடகக் கம்பெனி கடலூர் முதுநகரில் பதினைந்து நாள் ஆட்டம் போட வந்திருந்தது. ஓ.டி. என்கிற ஓல்டு டவுன் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கொட்டகை. பெண்கள் தங்கவும் வேஷம் கட்டவும் துறைமுகப் பக்கம் ஒரு பழைய வீட்டை மேனேஜர் தட்சிணாமூர்த்தி பிடித்திருந்தார். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் சாமான்களை இறக்கினோம். உப்புக் காற்றும் கருவாட்டு வாடையும் எங்களோடு உள்ளே வந்தன.

என் பெயர் ராசம்மாள். ஒரு காலத்தில் நானும் மேடையில் நின்றவள்தான். அம்மை போட்டு முகம் கெட்ட பிறகு, அடுத்தவர் முகத்தைத் திருத்துவது என் பிழைப்பாகிவிட்டது.

"யக்கா, பின்கட்டு ரூம்புல நல்லா வெளிச்சம் வருது. மேக்கப்புக்கு அதையே வச்சிக்கலாம்" என்று கூப்பிட்டாள் தனம். கம்பெனியின் கதாநாயகி. பண்ருட்டிக்காரி, இருபத்திரண்டு வயசு. வாய் நிறைய வேகவைத்த மல்லாட்டைக் கடலையை அதக்கிக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலுக்குப் போனேன்.

கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

அதைப் பார்த்ததும்தான் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பெட்டி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், திருப்பாதிரிப்புலியூரில் இருந்த என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முதுநகர் எண்ணெய் வியாபாரி சிங்காரம் அனுப்பிய கார். எங்கள் நாடகங்களுக்கெல்லாம் தலைமை தாங்குகிற பெரிய மனிதர். இந்த வீட்டின் முன்வாசல் வழியாக என்னை அழைத்துப்போய், இந்த அறையில்தான் விட்டார்கள். பாயில் அவர் மனைவி பச்சையம்மாள் செத்துக் கிடந்தாள்.

"வயித்து நோவு. ஒண்ணும் எறங்கல" என்றார் சிங்காரம். "அவுங்க அம்மா சிதம்பரத்துலேருந்து வந்துக்கினு இருக்காங்க. இப்டிப் பாத்தா தாங்க மாட்டாங்க. நீதான் கொஞ்சம் மொகத்த சரி பண்ணணும், ராசம்மா."

கன்னம் இரண்டும் குழிந்து பல்லோடு ஒட்டியிருந்தன. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் தேங்கும் போலிருந்தது. கதவின் உள்பக்கம் நகத்தால் பிறாண்டிய கோடுகள், இடுப்பு உயரத்தில் தொடங்கித் தரைவரை இறங்கியிருந்தன. பிள்ளை இல்லாத அவளை ஒதுக்கிவிட்டு இன்னொரு கல்யாணம் செய்ய அவர் நினைக்கிறார், அவள் தாய்வீடு போக மறுக்கிறாள் என்று ஊரில் பேச்சிருந்தது. எனக்கும் அது தெரியும்.

நான் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் இரண்டே ரகசியம்தான். எதைக் குழிவாகக் காட்ட வேண்டுமோ அங்கே அடர்ந்த வர்ணம். எதை எடுப்பாகக் காட்ட வேண்டுமோ அங்கே வெளிர் வர்ணம். முன்னதை ஷேடு என்போம், பின்னதை லைட்டு என்போம். அன்றைக்குப் பச்சையம்மாளின் வாய்க்குள் இரண்டு பக்கமும் பஞ்சை உருட்டி வைத்தேன். குழிகளின் மேல் லைட்டு போட்டேன். தாடைக்குக் கீழே ஷேடு கொடுத்து முகத்தை உருண்டையாக்கினேன். அதன்மேல் மஞ்சள் பூசினேன்.

சிதம்பரத்திலிருந்து அவள் அம்மா வந்தார். "எம் பொண்ணு தூங்கற மாதிரியே இருக்காளே" என்று அழுதார். அழுதுகொண்டே அந்தக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சிங்காரம் வேறு கல்யாணம் செய்துகொண்டு சென்னைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் மறந்தேன். மறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேற ரூம்பு பாத்துக்கலாம்டி" என்றேன் தனத்திடம்.

"மத்த ரூம்பெல்லாம் இருட்டுக்கா. ஏன், என்ன?"

கீழே விழுந்த பெட்டியை எடுத்து அந்த அறைக்குள்ளேயே வைத்தேன்.

முதல் நாள் ஆட்டத்துக்குச் சாயங்காலம் நாலு மணிக்கே தனத்தை உட்காரவைத்தேன். மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் பளிச்சென்றிருந்தது. தனத்துக்கு வட்ட முகம். மேடை விளக்கில் அது தட்டையாகத் தெரியும் என்பதால் கன்ன எலும்புக்குக் கீழே கொஞ்சம் ஷேடு கொடுப்பது என் வழக்கம். விரலால் தொட்டு ஒரு கோடு இழுத்து, காதுப் பக்கமாகத் தேய்த்துவிட்டேன். பவுடர் எடுக்கத் திரும்பினேன்.

திரும்பி வந்தபோது ஷேடு ஜாஸ்தியாக இருந்தது.

கை தவறிவிட்டது என்று நினைத்து, துணியால் ஒற்றி எடுத்தேன். துணியில் வர்ணம் வந்தது. கன்னத்திலிருந்து போகவில்லை. விரலை வைத்து அழுத்தித் தேய்த்தேன்.

விரல் உள்ளே போயிற்று.

அங்கே சதை இல்லை. தோலுக்குக் கீழே பல்வரிசை ஒவ்வொன்றாக என் விரலில் தட்டுப்பட்டது. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. புளித்த வாடை ஒன்று வந்தது. பல நாள் சாப்பிடாதவர் வாயிலிருந்து வருகிற வாடை.

"என்னக்கா, ஏன் நிறுத்திட்ட?" என்றாள் தனம்.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். தனத்தின் புடவை, தனத்தின் சடை.

முகம் பச்சையம்மாளுடையது.

கண்ணை மூடித் திறந்தேன். தனம்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு ராணி வேஷத்தில் அவள் மேடைக்கு வந்ததும் கொட்டகையில் சத்தம் அடங்கிப்போனது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஆட்டம் முடிந்து தேங்காய் எண்ணெய் வைத்து வேஷத்தைத் துடைத்தேன். எல்லா வர்ணமும் வந்துவிட்டது. கன்னத்தில் இரண்டு பள்ளங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

மறுநாள் தனம் சாப்பிடவில்லை. இட்லியைப் பிட்டு வாயில் வைப்பாள், துப்பிவிடுவாள்.

"எறங்க மாட்டேங்குதுக்கா. வாய்க்குள்ள பஞ்ச வச்சி அடச்ச மாதிரி இருக்கு."

பஞ்சு வைத்ததை நான் இந்த உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார். தொண்டையில் ஒன்றுமில்லை என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் தனத்துக்கு இருமல் வந்தது. இருமி இருமி என் உள்ளங்கையில் எதையோ துப்பினாள். ஈரமான பஞ்சு உருண்டை. பழுப்பேறி, ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

தட்சிணாமூர்த்தி வாசலில் நின்று, "ராசம்மா, இன்னிக்கு ஹவுஸ்புல்லு. எப்டியாவது இந்தப் பொண்ணு மொகத்த சரி பண்ணும்மா" என்றார்.

சரி பண்ணும்மா. எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தை.

நானும் உட்கார்ந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? வெளிர் வர்ணத்தைக் குழைத்து, தனத்தின் கன்னப் பள்ளத்தில் வைத்தேன். குழியை மறைக்க லைட்டு. தாடைக்குக் கீழே ஷேடு. அன்று செய்ததை அப்படியே என் கை செய்துகொண்டு போனது.

தனத்தின் உதடு அசையவில்லை. கண்ணாடிக்குள் இருந்த உதடு அசைந்தது.

"மறுபடியும் மூடுறியா?"

பிரஷ் கீழே விழுந்தது. நான் அறையை விட்டு ஓடிவந்து முற்றத்தில் விழுந்தேன். அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை.

அடுத்த நாள் காலை முதல் பாசஞ்சரில் சிதம்பரம் போனேன். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று பல தடவை நினைத்தேன். திரும்பினால் தனம் இன்னும் எத்தனை நாள் தாங்குவாள்?

விசாரித்துக் கண்டுபிடித்தேன், கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீடு. பச்சையம்மாளின் அம்மா ராணியம்மாள் தரையில் உட்கார்ந்து சாப்பாட்டு இலை தைத்துக்கொண்டிருந்தார். தனிக்கட்டை. அந்த ஒரு பெண்தான் அவருக்கு. அறுபது வயதுக்கு நல்ல திடமாக, பூசினாற்போல இருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்ப்பாள், நகக் கோடு, பஞ்சு, வர்ணம். அவர் அழவில்லை. கையிலிருந்த ஈர்க்குச்சி மட்டும் ஒடிந்தது.

"எத்தினி நாளு பட்டினி போட்டாங்க?"

"தெரியலம்மா."

"தெரியலையா, கேக்கலையா?"

"கேக்கலம்மா."

ஒடிந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு முத்தம் குடுத்தப்ப ஒதட்டுல ஏதோ ஒட்டுச்சு. மஞ்சள்னு நெனச்சேன். இத்தினி வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன், எம் பொண்ணு சாவும்போதுகூட கன்னம் கொழுகொழுன்னு போனா, நல்லா வாழ்ந்தவன்னு." எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "வா. நீ மூடுன மொகத்த எனக்குக் காட்டு."

கிளம்பும்போது பழைய சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து, ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு முதுநகர் வீட்டுக்கு வந்தோம். தனம் சுவரில் சாய்ந்து கிடந்தாள். கை குச்சியாகிவிட்டது. நான் விஷயத்தைச் சொன்னதும், "என்ன வேணாலும் பண்ணுக்கா. இது எவ வாய்னு எனக்கே தெரியல" என்று முனகினாள்.

அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்தேன். இந்தத் தடவை லைட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஷேடு மட்டும். நெற்றிப் பொட்டில் குழி. கண்ணைச் சுற்றிக் குழி. கன்னத்தில், உதட்டுக்குக் கீழே, கழுத்தெலும்பின் மேலே. அன்று மறைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். என் கண்ணீர் வர்ணத்தில் விழுந்து கரைந்தது.

பாதியில் கை வலித்து நிறுத்தினேன்.

முகத்தில் நிழல் தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

ராணியம்மாள் கிட்டே வந்தார். இரண்டு கையாலும் அந்த முகத்தை ஏந்தினார். "பச்சை" என்றார். தூக்கைத் திறந்து ஒரு வாய் எடுத்து ஊட்டினார். சோறு வெளியே விழுந்தது, கூடவே பஞ்சும். இரண்டாவது வாய் நின்றது. மூன்றாவது இறங்கியது. பிறகு அவர் கை தூக்குக்கும் வாய்க்குமாகப் போய்வர நேரம் போதவில்லை. அவ்வளவு அவசரம். தூக்கு காலியான பிறகும் அந்த வாய் அவர் விரல்களை விடவில்லை.

"வூட்டுக்குப் போலாம்மா."

தனத்தின் குரல் இல்லை அது.

"வாடி" என்றார் ராணியம்மாள். திரும்பிப் பார்க்காமல் அறையை விட்டு வெளியே நடந்தார்.

தனம் அப்படியே சரிந்தாள். ஓடிப்போய்த் தாங்கினேன். என் தோளில் பட்ட கன்னம் சதையாக, சூடாக இருந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். வர்ணம் வந்தது, பள்ளமும் கூடவே போயிற்று. "யக்கா, பசிக்குது" என்று அவள் சிணுங்கியதைக் கேட்டு நான் கதறி அழுதேன்.

தனத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தவிப்பு. அவர் டிக்கெட் ஜன்னலில் நின்றிருந்தார். தனியாகத்தான் நின்றிருந்தார்.

"சிதம்பரத்துக்கு ரெண்டு குடுங்க" என்றார்.

நான் கிட்டே போகவில்லை.

மறுநாளே தட்சிணாமூர்த்தி வேறு வீடு பார்த்தார். தனம் பத்து நாளில் பழைய தனமாகிவிட்டாள். மார்கழியில் சிதம்பரத்தில் திருவாதிரைக்கு ஆட்டம் போட்டோம். அன்று கேட்க முடியாத மன்னிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் கீழ வீதிப் பக்கம் போனேன். பளிச்சென்று வெயில். தெருவில் தேர் பார்க்க வந்த ஜனம்.

ராணியம்மாள் அதே இடத்தில் இலை தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. திடமாக இருந்த உடம்பு பாதியாகிவிட்டது. கன்னம் இரண்டும் உள்ளே போய்ப் பல்லோடு ஒட்டியிருந்தன. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வாம்மா, வா. குந்து."

"என்னம்மா இப்டி எளச்சிட்டீங்க? ஒடம்புக்கு என்ன?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்." உள்ளறைப் பக்கம் தலையை அசைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவதான் இப்பக் கொஞ்சம் தேறியிருக்கா. கன்னமெல்லாம் நெறஞ்சிடுச்சி. வந்தப்ப எப்டி இருந்தா! நீயே உள்ள போய்ப் பாரேன்."

நான் உள்ளே போகவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

உள்ளே சோறு பிசைகிற சத்தம். வழித்துச் சாப்பிடுகிற சத்தம். இலை காலியாகி, விரல் தரையைத் துழாவுகிற சத்தம்.

பிறகு அந்தக் குரல்.

"அம்மா, இன்னும் கொஞ்சம்."

"இதோ வர்றேன்டி" என்று சொல்லி ராணியம்மாள் சோற்றுப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.