நாற்பத்து நாலாம் நம்பர் கன்று

சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. அதில் எவனோ செத்த எருமைக் கன்றைச் சாக்கில் கட்டித் தள்ளிவிட்டுப் போய்விட்டான். என்ன திமிர் பாருங்கள்!

அக்கம்பக்கத்துப் பெண்கள் பாத்திரம் கழுவும் குளம் அது. குளிர்காலத்தில் வரும் வாத்துகளைப் பத்து வயது பிரியம்வதா எண்ணுவதும் அங்கேதான். இப்போது மூக்கைப் பிடிக்காமல் கரையில் நிற்க முடியவில்லை.

அவள் அப்பா விஸ்வநாதன் ஓர் ஆபீஸுக்குப் போன் போட்டார். "அந்த ஆபீஸைக் கேளுங்க" என்றார்கள். அந்த ஆபீஸில் இந்த ஆபீஸைக் கேட்கச் சொன்னார்கள். நாற்காலியில் இருப்பவனுக்கு நாற்றம் தெரியுமா?

பிரியம்வதா கரையில் நின்று உற்றுப் பார்த்தாள். சாக்குக் கிழிசலில் ஒரு காதும் வெறும் கழுத்தும் தெரிந்தன. காதில் மஞ்சள் அட்டை. நம்பரின் கடைசியில் 44. போட்டவன் கழுத்துக் கயிற்றை மட்டும் மறக்காமல் அவிழ்த்துக்கொண்டான். கயிறு மறுபடி உதவுமே!

மறுநாள் காலை, பால் வாங்கப் பால்காரர் நந்தலாலின் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் 'காகு', அதாவது சித்தப்பா.

"காகு, குளத்துல கன்றைப் போட்டது யாரு?"

"யாரோ லாரிக்காரன். நானே பார்த்தேன்!" கண்கூடச் சிமிட்டவில்லை அவர்.

பிரியம்வதா கன்றுகளின் காதுகளைப் பார்த்தாள். மாட்டு டாக்டர் ஒரே நாளில் வரிசையாக மாட்டிய அட்டைகள். 42, 43, 45...

"நாற்பத்து நாலு எங்கே, காகு?"

"அதை... வித்துட்டேன்."

"குளத்துல இருக்கு. காதுல அட்டையோட."

நந்தலாலுக்குக் கோபம் வந்தது. "புதைக்கணும்னா ஆழமாக் குழி வெட்டணும், சுண்ணாம்பு போடணும். யாரால முடியும்? குளத்துல தள்ளினா வேலை முடிஞ்சுது!"

"முடியலையே. இந்தப் பால் கேனை எங்கே கழுவினீங்க?"

நந்தலால் கேனைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். கேனின் அடியில் குளத்துப் பாசி ஒட்டியிருந்தது.

"அடப் பாவி!" வரிசையில் நின்ற மாதங்கி மாமி, வாங்கிய பாலை அங்கேயே கொட்டினார்.

பிரியம்வதா தன் தூக்குப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தாள். "கன்றை எடுத்துப் புதைங்க. அதுவரைக்கும் எங்க வீட்டுக்குப் பால் வேண்டாம்."

காப்பி இல்லாமல் அப்பாவுக்குக் கண் திறக்காது. ஒருநாள் மூடியே இருக்கட்டும்!

வரிசையில் நின்ற எல்லாரும் தூக்கைக் கவிழ்த்தார்கள். கேன் கேனாகப் பால் அப்படியே நின்றது.

மத்தியானத்துக்குள் கன்று வெளியே வந்தது. குளத்துக்கு வெகுதூரத்தில், தன் சொந்த மேட்டு நிலத்தில், நந்தலால் குழி வெட்டினார்.

"இன்னும் ஆழமா, காகு. நாய் தோண்டிடும்."

"நீ யாரு, இன்ஸ்பெக்டரா?" என்று முனகினார். ஆனாலும் வெட்டினார்.

மறுநாள் பிரியம்வதா கேனுக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தாள்.

"குழாய்த் தண்ணியிலதான் கழுவினேன், தாயே!"

அதன் பிறகே தூக்கை நீட்டினாள். பால் நிரம்பியும் அவள் நகரவில்லை.

"காகு, நாற்பத்தஞ்சு சோர்ந்து நிக்குதே. டாக்டரைக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டாச்சு! பத்து மணிக்கு வர்றார்!"

"சரி, நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தாள்.