நானூற்று ஒன்றாவது பதில்

மிதுனைக் கல்லூரி வாசல் உள்ளே விடவில்லை.

"தெய்வானையின் தந்தை ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்றது அடையாளங்காணி.

"அப்ப நான் யாருங்க?"

இயந்திரம் அவரை மேலும் கீழும் பார்த்தது. "அவரைப் போலவே இருக்கிறீர்கள்" என்றது.

ஈரோட்டு மஞ்சள் கிடங்கில் தரம் பார்க்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கோவைக்கு ஓடி வந்திருந்தார் மனிதர். சட்டையெல்லாம் மஞ்சள். (மிதுன் என்பது இப்போது ஐம்பதைத் தொட்டவர்களின் பெயர். பிள்ளைகளுக்குத் தெய்வானை, காத்தவராயன் என்று வைப்பதுதான் இன்றைய நாகரிகம்.) காலையில் அவருக்கு ஒரு தகவல் வந்திருந்தது. தெய்வானை நேற்று ஐந்து மணிக்குள் மண்ணியல் ஒப்படைப்பைக் கொடுக்கவில்லை. மிதுன் சார்பில் அவருடைய பெற்றோர்ப் பிரதி துறைத்தலைவரைச் சந்தித்து, "பூஜ்யம் போடுங்கள்" என்று பரிந்துரைத்திருக்கிறது. இன்று நான்கு மணிக்கு அது பதிவாகிவிடும். பதிவானால் அந்தத் தாளுக்குத் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போச்சு.

பெற்றோர்ப் பிரதி என்பது அரசு வைத்த பெயர். மாணவர்கள் வைத்தது நகலப்பா, நகலம்மா. பத்து வருடம் முன்புவரை ஒவ்வொரு கெடு தேதிக்கும் மறுநாள் கல்லூரிகளில் பெற்றோர் கூட்டத்தால் நிற்க இடம் இருக்காது. காய்ச்சல் என்பார்கள், மாமா கல்யாணம் என்பார்கள், மின்சாரம் போய்விட்டது என்பார்கள். மகனுடைய ஒப்படைப்பைத் தானே எழுதிக் கொடுத்த ஓர் அம்மா, "எனக்கு எப்படி அறுபத்திரண்டு போடலாம்?" என்று பேராசிரியரிடம் சண்டைக்கே வந்தார். பாடம் நடத்த நேரமில்லாமல் போனபோதுதான் இந்த ஏற்பாடு வந்தது. சேர்க்கையின்போது தாய் தந்தையரில் ஒருவர் நானூறு கேள்விகளுக்குப் பதில் சொல்வார். இயந்திரம் அதிலிருந்து அவரைப் போலவே ஒருவரை உருவாக்கிக்கொள்ளும். அதன்பின் கல்லூரிக்கு அந்தப் பிரதிதான் பெற்றோர்; அது சொல்வதே முடிவு. அசலுக்கு வாசலோடு சரி. ஆனால் பிரதியைப் பார்வையாளராகச் சந்திக்க ஒரு விதி இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

"யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டது அடையாளங்காணி.

"என்னையத்தானுங்க" என்றார் மிதுன்.

உள்ளே நடக்கும்போது மனைவி சம்யுக்தா அழைத்தாள். "மேடம் கால்ல விழுந்தாவது ரெண்டு நாள் டைம் வாங்குங்க. படமெல்லாம் நான் வரைஞ்சு தர்றேன். ஸ்கூல்ல சார்ட் வரைஞ்ச கைதானே இது?"

துறைத்தலைவர் ஃபரீதா பானு அசல் அப்பா ஒருவரைப் பார்த்துப் பல வருடங்களாகியிருந்தன. எழுந்தே நின்றுவிட்டார். எதிர்ச்சுவர்த் திரையில் இன்னொரு மிதுன் உட்கார்ந்திருந்தார். அதே மீசை, அதே முன்வழுக்கை. சட்டை மட்டும் சுத்தம்.

தன்னை எப்படிக் கூப்பிடுவது என்று மிதுனுக்குத் தெரியவில்லை. நீங்க என்பதா, நீ என்பதா? கடைசியில் மொட்டையாகக் கேட்டார். "ஏன் இப்படிப் பண்ணுச்சு?"

"என் மகள் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும்" என்றது பிரதி, அவருடைய குரலிலேயே. "சலுகை கேட்பது அவளுடைய வளர்ச்சிக்குத் தடை என்பது என் உறுதியான கருத்து."

மிதுனுக்குக் காது சூடானது. இந்த வரி அவருக்குத் தெரியும். பக்கம் முப்பத்தொன்று. தடித்த எழுத்து.

"ஏனுங் மேடம், ஒரு உண்மையைச் சொல்லீர்றன். அது நான் சொன்னதில்லீங்க. ஈரோடு பஸ் ஸ்டாண்டு கடையில 'பெற்றோர் நேர்காணல்: மாதிரி வினா விடை'ன்னு ஒரு புக்கு வித்தாங்க. அதை மனப்பாடம் பண்ணித்தான் ஒப்பிச்சனுங்க. எல்.கே.ஜி. அட்மிசனுக்கும் அப்படித்தானே பண்ணுனோம். தப்பாச் சொன்னா சீட்டு போயிருமில்லீங்களா?"

"சீட்டு அப்பவே கொடுத்தாச்சே சார்! உங்களைத் தெரிஞ்சுக்கத்தான் அந்தக் கேள்விங்க. அதுக்கு மார்க்கே கிடையாது."

"மார்க் இல்லாத கேள்வியும் இருக்குமுங்களா?" என்றார் மிதுன். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

ஃபரீதா பானு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நாலு வருடமாக அவரைக் குடைந்துகொண்டிருந்த ஒரு விஷயத்துக்கு இப்போதுதான் விடை கிடைத்தது. கல்லூரியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெற்றோர். அவர்களில் ஐநூற்று எண்பத்தெட்டுப் பேர் நானூறு கேள்விக்கும் வார்த்தை மாறாமல் அதே பதில்களைச் சொல்லியிருந்தார்கள். எதற்கு ஒரே ஆளை ஐநூறு தடவை சேமிப்பது என்று இயந்திரம் அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மனதைத்தான் வைத்திருந்தது. முகமும் குரலும் மட்டும்தான் வேறு வேறு. கொங்கு நாட்டுப் பெற்றோர் இவ்வளவு கட்டுப்பாடானவர்களா என்று வியந்து அவர் ஒரு கருத்தரங்கில் கட்டுரையே வாசித்திருந்தார்.

"பதிலை மாத்திக்கலாங்களா மேடம்? புள்ள கெடு தேதியைத் தவற உட்டா என்ன பண்ணுவீங்கன்னு இப்பக் கேளுங்க, உள்ளதைச் சொல்றேன். ஓடி வருவேன், அழுவேன், நானே உக்காந்து எழுதியும் தருவேன்."

"மாத்தலாம். ஆனா மாணவி சம்மதிக்கணும். பதினெட்டு முடிஞ்ச பொண்ணு."

தெய்வானை வந்தாள். முழங்கை வரை காய்ந்த சேறு. அப்பாவைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள், அப்புறம் திடுக்கிட்டாள். "அம்மாக்கு ஏதாச்சுங்களாப்பா?"

"அம்மாவுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கறா. உனக்குத்தான் ஆயிப்போச்சு சாமி. ஏன் குடுக்கல?"

"முடியலப்பா. ஏழு வயல்ல மண்ணெடுத்தேன். உப்பு எவ்வளவுன்னு பார்க்க மூணு நாள் போதும்னு கணக்குப் போட்டேன், அஞ்சு நாள் இழுத்துருச்சு. சீனியர் ஒருத்தி அவளோடதைக் காப்பி அடிச்சுக்கன்னு குடுத்தா. வேண்டாம்னுட்டேன்."

"அடி கிறுக்கி! சரி, மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நான் பதிலை மாத்தீர்றன். ரெண்டு நாள் டைம் கிடைச்சிரும்."

தெய்வானை தலையாட்டினாள், வேண்டாமென்று.

"நேத்து பூஜ்யம்னு சொன்னப்ப அழுதுட்டேன்ப்பா. அப்ப அது," என்று திரையைக் காட்டினாள், "இப்ப நீ என்ன செய்ய விரும்புறேன்னு கேட்டுச்சு. மார்க் இல்லாட்டியும் முடிக்கணும்னேன். சரி, முடின்னுச்சு. அவ்வளவுதான். அப்புறம் ஒரு தடவைகூடக் கூப்பிடல. இன்னைக்குக் காலையில ஆறாவது வயல்ல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்ப்பா! பக்கத்து ரெண்டு வயலும் உப்பு, அது மட்டும் இல்ல. ஏன்னு எனக்கே தெரியல." கண் மின்னியது அவளுக்கு. "அடுத்த வருசம் எழுதிக்கறேன். இந்த அப்பாவே இருக்கட்டும்."

"அது நானில்ல கண்ணு. புக்குல படிச்சது."

"தெரியும்ப்பா. நீங்க மனப்பாடம் பண்ணுனப்ப புக்கை வெச்சுக்கிட்டு உங்களைக் கேள்வி கேட்டதே நான்தானே?"

சொல்லிவிட்டு, அவர் தோளைத் தொட்டாள். ஆய்வுக்கூடத்தில் ஏதோ சூடாகிக்கொண்டிருக்கிறது என்று ஓடிவிட்டாள். ஃபரீதா பானு தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறேன் என்று வெளியே போனார். பாவம், மிதுனைத் தனியாக விட்டுவிட்டுப் போக நினைத்தார்.

மிதுன் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. "எப்படி முடிஞ்சுது உன்னால? அவ அழுதாளாமே. கையைக் கட்டிக்கிட்டு எப்படி உக்காந்திருந்தே?"

"எனக்குப் பயம் இல்லை" என்றது பிரதி. "நானூறு பதில்களிலும் அந்தச் சொல் வரவில்லை. உங்களுக்கு இருக்கிறதா?"

"இல்லாம?"

"எதற்குப் பயம்?"

ஒரு வருடம் போய்விடுமே என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு. "என் கையைப் பிடிக்காம அவளே நடந்து போயிட்டான்னா, அப்புறம் நான் எதுக்கு? முடிச்சிட்டியா, சாப்பிட்டியான்னு கேக்கறதை உட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" மஞ்சள் கையாலேயே கண்ணைத் துடைத்தார், கண் எரிந்தது.

விதிகளை எழுதியவர்கள் கேள்வித்தாளில் பதிலை மாற்றுவதற்குத்தான் மாணவியின் ஒப்புதல் வேண்டும் என்றிருந்தார்கள். ஓர் அப்பா நேரில் வந்து தன் பிரதியிடம் மனம்விட்டுப் பேசுவார் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. அசலின் குரலைக் கேட்டுக் கற்றுக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது அது. நானூறு மனப்பாடப் பதில்களுக்குப் பிறகு, உண்மையான ஒன்று முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது. அதை விடுமா?

"குறித்துக்கொண்டேன்" என்றது பிரதி. குரல் லேசாகக் கம்மியிருந்தது.

மிதுன் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பது. சம்யுக்தாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தெய்வானை அழைத்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"அப்பா, பூஜ்யத்தை எடுத்துட்டாங்க! நகலப்பா கெஞ்சியிருக்கு. பிரதி கேட்டா கல்லூரி குடுத்தே ஆகணுமாம். எனக்கு மட்டும் இல்லப்பா, தவறிப்போன பழைய கெடு தேதிக்கெல்லாம் சேர்த்து ஐநூத்தி எண்பத்தெட்டு விண்ணப்பம். மேடம் தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்னைய இதுவரைக்கும் ஒன்பது தடவை கூப்பிட்டு, சாப்பிட்டியான்னு கேட்டுருச்சு. ஹாஸ்டல்ல ஒவ்வொரு ரூம்லயும் அப்பாவும் அம்மாவும் திரையில அழுதுட்டிருக்காங்க. அதுகிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?"

மிதுன் சொன்னார். ஒரு சொல் விடாமல் சொன்னார்.

தெய்வானைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமில்லங்களாப்பா?" என்றாள்.