முந்திக் கேட்ட சத்தம்

சத்தம் முதலில் வந்தது. சம்மட்டி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

குசினி வாசலில் பிளேன்டீத் தட்டோடு நின்ற நுஸ்லா அதைக் கண்ணாலேயே பார்த்தாள். ஹோலின் நடுவில் கொத்து வேலைக்கு வந்த நோபர்ட் பாஸ் தலைக்கு மேல் தூக்கிய சம்மட்டி இன்னும் மேலேதான் நின்றது. அதற்குள் தரைக்கு அடியில் எங்கேயோ ஒரு அடி விழுந்து, அவளுடைய வெறும் பாதங்கள் வழியே முழங்கால் வரை அதிர்ந்தது. பிறகுதான் இரும்பு இறங்கிச் சிவப்புச் சீமெந்தைப் பிளந்தது. அந்தப் பிளப்பிலிருந்து காலங்காலமாகப் பூசிய பொலிஷ் வாடையும், ஈர மண் வாடையும், அதற்கும் கீழேயிருந்து, நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாடையும் எழுந்து வந்தன.

நாவுல ரோட்டோரத்து அந்த வீடு அவளுடைய புருஷன் றினோஸின் பரம்பரை வீடு. நோன்பு வருவதற்குள் ஹோலை உடைத்து வெள்ளை டைல் பதித்துவிட வேண்டும் என்று அவன் கடையைப் பூட்டிவிட்டு, பாஸுக்குக் கைக்குக் கை உதவியாக நின்றான். பழந்தரையின் இருட்டு அவனுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. நுஸ்லாவுக்கும் சந்தோஷம்தான். அன்று காலை வரைக்கும்.

"கேட்டீங்களா?" என்றாள்.

"எத?"

"அடி விழமுந்தியே சத்தம் கேக்குது."

றினோஸ் சிரித்தான். "அடியில வெத்திடம் ஈக்கி. எதிரொலி அது."

"எதிரொலி பொறகுதானே வரும்?"

அவன் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டான். நோபர்ட் பாஸ் மட்டும் கோப்பையைத் தொடாமல், உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் முழுக்க அப்படியே நடந்தது. அவள் வெங்காயம் அரிந்தாள், அரிசி களைந்தாள், துணி மடித்தாள். எங்கே நின்றாலும் முதலில் கீழேயிருந்து ஒரு அடி. மூச்சு ஒன்று விடும் நேரம் கழித்து மேலே ஒன்று. காது அந்த இடைவெளிக்குப் பழகிப்போனது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம், சுவரோரம் மிச்சமிருந்த ஒரு பாளத்தை உடைக்க நோபர்ட் பாஸ் குந்தியிருந்து பெரிய உளியைப் பிடித்தார். றினோஸ் சம்மட்டியை ஓங்கினான்.

"மாதாவே!"

கீழேயிருந்து வந்தது அந்த அலறல். அது நோபர்ட் பாஸின் குரல். ஆனால் அவருடைய வாய் மூடியிருந்தது. அவர் தலையை நிமிர்த்தி, வாசலில் நின்ற நுஸ்லாவைப் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ள அவருக்கு நேரம் இருந்திருக்க வேண்டும். ஆனால் தன் குரலைத் தானே கேட்ட திகைப்பில் அவர் அசையவில்லை. சம்மட்டி உளித் தலையைத் தவறவிட்டு அவருடைய கைமேல் இறங்கியது. எலும்பு உடைந்ததும், விரல்கள் சீமெந்தோடு சீமெந்தாக நசுங்கியதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன. அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"மாதாவே!"

அதே குரல். அதே இழுப்பு.

றினோஸ் அந்தக் கையைத் துவாயில் சுற்றி, அவரை த்ரீவீலரில் ஏற்றினான். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் நோபர்ட் பாஸ் மறுகையால் நுஸ்லாவின் முந்தானையைப் பிடித்தார். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, மொத கத்துனது நான் இல்ல. அந்தத் தரைய மூடிருங்க. மண்ணப் போட்டாவது மூடிருங்க."

இருட்டிய பிறகு றினோஸ் உடுத்திருந்த சாரத்தில் ரத்தக் கறையோடு திரும்பி வந்தான். சாப்பிடவில்லை. நுஸ்லா ஒரு வாளித் தண்ணீரோடு ஹோலுக்குப் போனாள். கழுவுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உடைந்த தரை அவ்வளவு ரத்தத்தையும் உறிஞ்சியிருந்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து நல்ல மழை. கரண்டும் இல்லை. மகள் ஜெஸ்லா குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூல் வேனுக்கு ஓடினாள். ஏழு வயதுப் பிள்ளை. வேன் ஜன்னலில் மூக்கை நசுக்கிக் கையாட்டினாள். வேன் மறைந்ததும் ஹோலுக்குள் மறுபடியும் அடி கேட்டது. முதலில் கீழே. பிறகு மேலே. றினோஸ் தனியாகவே தொடங்கியிருந்தான். இரண்டு மணித்தியாலம் போயும் அது ஓயாததால் அவள் ஹோல் வாசலுக்குப் போனாள்.

"வாணாம், நிப்பாட்டுங்க. பாஸ் செல்லிட்டுப் போனத்த நெனச்சுப் பாருங்க. நீங்களுந்தானே கேட்டீங்க?"

"நான் ஒண்டும் கேக்கல்ல."

"அல்லாஹ்வுக்காகச் செல்லுங்க, கேக்கல்லயா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. நடுவில் இடுப்பளவு குழி தோண்டியிருந்தான். தரை உடைத்து டைல் பதிக்க அவ்வளவு ஆழம் தேவையே இல்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் தோண்டிக்கொண்டிருந்தான்.

அவள் குசினிக்குத் திரும்பினாள். சுளகில் அரிசியைக் கொட்டினாள். அப்போது கேட்டது.

காலடிக்கு நேர் கீழே. இரண்டு பேர் கட்டிப்புரளும் சத்தம். கல் சரியும் சத்தம். அவனுடைய குரல்.

"நுஸ்லா!"

அதையடுத்து ஒரு அடி. சீமெந்தில் விழுந்த அடி அல்ல. இறைச்சிக் கடையில் எலும்போடு தொடையை வெட்டும்போது வருமே, அந்தச் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகும் ஒன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஈரமாக.

அரிசி தரையெல்லாம் சிதற அவள் ஓடினாள்.

றினோஸ் குழிக்குள் காயம் ஏதுமில்லாமல் நின்றுகொண்டிருந்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் அவனையும் அவளையும் தவிர வேறு யாரும் இல்லை. ஆகவே சம்மட்டி கைதவறி அவன் மேலேயே விழப்போகிறது என்றுதான் அவள் நினைத்தாள். அதை அவனிடமிருந்து பறித்துவிட்டால் போதும். குழிக்குள் குதித்துப் பிடியைப் பற்றினாள்.

"தாங்க இத!"

"விடு. பைத்தியமா ஒனக்கு?"

"தாங்க!"

அவன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அப்போது அடித்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம் கரித்தது. அவள் விடவில்லை. இருவரும் குழியின் சுவரோடு மோதினார்கள். கல் சரிந்தது. பிடியை முறுக்கி அவள் முழுப் பலத்தோடு இழுத்தாள்.

"நுஸ்லா!"

அது உதவிக்குக் கூப்பிட்ட குரல் அல்ல. கோபம். அவளைத் தடுக்கப் போட்ட சத்தம். அவளுக்கு அது விளங்கிய கணத்தில் பிடி அவன் கையிலிருந்து வழுக்கியது. இழுத்த வேகத்தில் இரும்பு சுழன்று வந்து அவனுடைய கன்னத்தில் இறங்கியது.

அவன் உட்கார்ந்தான். சாய்ந்து, மெதுவாக. தாடை ஒரு பக்கம் தொங்கியது. கண் இரண்டும் அவள் மேலேயே இருந்தன. விரலிடுக்கில் ரத்தம் வடிய ஏதோ சொல்ல முயன்றான். உயிர் இருந்தது. த்ரீவீலரைக் கூப்பிட்டால் காப்பாற்றலாம்.

ஆனால் கீழேயிருந்து கேட்டது ஒரு அடி அல்ல, மூன்று.

"இல்ல," என்றாள் நுஸ்லா. "இல்ல, இல்ல."

கை உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. சம்மட்டிக்குப் பாரமே இல்லை. றினோஸ் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் விரித்தான்.

இறங்கியது.

விரல்கள். நெற்றி.

மறுபடியும் உயர்ந்தது.

மறுபடியும் இறங்கியது.

பிறகு மழை மட்டும் கேட்டது. குழிக்குள் அவள் நின்றாள். காலைச் சுற்றிச் சூடாக ஏதோ பரவியது. மண் அதைச் சப்தமில்லாமல் குடித்தது. கீழே பார்க்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. ஓட வேண்டும். சம்மட்டியைப் போட வேண்டும். விரல்களைத் திறக்கச் சொன்னாள். திறக்கவில்லை.

அப்போது, தரைக்கு அடியில், ஒரு பெண் அலறினாள்.

நீளமான அலறல். தொண்டை கிழியும் அலறல். நுஸ்லா ஒரு கையை எடுத்து வாயைத் தொட்டாள். உதடுகள் மூடியிருந்தன. ஆனால் குரல் அவளுடையது. றினோஸுக்காகத்தான் என்று நினைத்தாள். முடிந்துபோனதற்குத்தான் என்று நினைத்தாள். அலறல் தேய்ந்து அழுகையானபோது அதற்குள் ஒரு பெயர் இருந்தது.

றினோஸின் பெயர் இல்லை.

வெளியே வேன் ஹோர்ன் அடித்தது. மழைக்கு ஸ்கூலை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். கேற் கிரீச்சிட்டது. தண்ணீரில் சின்னச் சப்பாத்துகள் சளக் சளக்கென்று ஓடிவந்தன.

"உம்மா, கதவத் தொறங்கோ! நனையிறேன்!"

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுக்கூட வரவில்லை.

"உம்மா?"

கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடி கீழே இறங்கியது. நுஸ்லாவின் கால் குழியின் விளிம்பில் ஏறியது. வாயைத் தொட்ட கை திரும்பிப் போய், சம்மட்டியின் பிடியை இறுக்கிப் பிடித்தது.