தண்ணீர் வரும் வழி

சமையலறை மேசையில், பழைய செய்தித்தாளின் மேல், கழற்றிப் போட்ட வால்வு கிடந்தது. ஃப்ரிட்ஜுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சின்ன வெள்ளைக் குழாயும் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தது. அப்படியிருக்க, பட்டப்பகல் மூன்று மணிக்கு, ஃப்ரீசருக்குள் மோட்டார் மெல்ல முனகி, எதையோ பிடிவாதமாகத் திருகி, சடசடவென்று பெட்டியில் ஐஸ் கட்டிகள் விழும் சத்தம் கேட்டபோது, அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான்.

"இதென்ன கூத்து? ஒரு வாரமா கெஞ்சினேன், தரல. இப்ப யாரைக் கேட்டுத் தர்றே?" என்று ஃப்ரிட்ஜையே அதட்டினாள்.

பம்ப் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. "சார், முதல்ல வால்வு திறந்திருக்கான்னு பாருங்க" என்று ஒன்பது வருடமாகத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி, தண்ணீர் விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது என்றாகிவிட்டது. ஐஸ் மேக்கர் படுத்ததும் சர்வீஸ்காரனைக் கூப்பிடாமல் தானே ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைத் திறந்தாள். வால்வு எரிந்துபோயிருந்தது. புதுசு நாளைக்குத்தான் வரும். "பூட்டி முடிச்சு ஸ்க்ரூ மிச்சம் இருந்தா என்கிட்ட காட்டாதே, பயமாயிருக்கும்" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்துவிட்டுத்தான் காலையில் வேலைக்குக் கிளம்பினார்.

பெட்டியை இழுத்தாள். எட்டுக் கட்டிகள். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். லேசாகப் பால் வாசனை, கூடவே பவுடர் போட்ட கழுத்தின் வெதுவெதுப்பான வாசனை. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் பால் வாசனை பிடித்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, குழாய் வந்த துளையில் துணியைத் திணித்தாள், மேலே டேப் ஒட்டினாள், ஐஸ் உறையும் தட்டை ஒட்டத் துடைத்தாள். இனி எப்படி வருகிறது பார்க்கலாம் என்று இடுப்பில் கைவைத்து நின்றாள்.

மறுபடி முனகல். சடசட. எட்டு.

தண்ணீர் உள்ளே வரும் வழியைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். எங்கிருந்து குறைகிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை. ஒன்பது வருட அனுபவம் அந்த இடத்தில்தான் காலை வாரிவிட்டது. கையைத் துடைக்க ஜன்னல் பக்கம் திரும்பியவள், கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்த கொடியைப் பார்த்தாள். காலையில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றிய பாட்டில் காலியாக இருந்தது. கொடி சருகாகத் தொங்கியது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைத் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

வாண்டு மதியத்திலிருந்து அழவே இல்லை.

பத்து மாதப் பெண். அரைமணிக்கு ஒருதரம் ஊரைக் கூட்டுகிறவள். இன்றைக்கு அப்பாடா என்று தூங்கவிட்டிருந்தாள். படுக்கையறைக்கு ஓடினாள்.

குழந்தையின் உதடு வெடித்திருந்தது. டயப்பர் காய்ந்து கிடந்தது. கன்னத்தைக் கிள்ளித் தூக்கினால், தோல் மடிந்தது மடிந்தபடியே நின்றது. வாண்டு வாயைத் திறந்து அழுதாள். சத்தமும் இல்லை, கண்ணீரும் இல்லை.

சமையலறையில் முனகல் தொடங்கியது.

வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அச்சகம் அடுத்த தெருதான். போன் போட்டதும் ஓடி வந்தார். பிள்ளையை வாரித் தோளில் போட்டார்.

"வா, வெளிய ஆட்டோ நிக்குது, ஏறு!"

"நீங்க போங்க. நான் வரல."

"பைத்தியமா உனக்கு? பிள்ளை இப்படிக் கிடக்குறா..."

"அங்க டாக்டர் இருக்காங்க. இங்க என்னை விட்டா யாரு? போங்கன்னா போங்க!"

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினாள்.

ஃப்ரிட்ஜுக்குள் இருந்த விளக்கு அணைந்தது. முனகல் நிற்கவில்லை.

சுத்தியலை எடுத்தாள். ஐஸ் மேக்கரைப் பெயர்த்து, வயரை அறுத்து, தரையில் போட்டாள். ஒரு போடு. இன்னொரு போடு. மூடி தெறித்தது. தரையில் கிடந்தபடியே அது திருகியது. சடசட. காலியான தட்டில் அடியிலிருந்து தண்ணீர் ஊறியது. வியர்வை மாதிரி.

ஒரு மணி நேரம் உடைத்துப் பார்த்தும் அது நிற்கவில்லை. போன் அடித்தது.

"டிரிப்ஸ் ஏத்திக்கிட்டே இருக்காங்க. ரெண்டு பாட்டில் முடிஞ்சிடுச்சு. எங்க போகுதுன்னே தெரியலங்கறாங்க. நீ வந்துடு... கடைசியா ஒரு தடவை..."

"கடைசி கிடைசின்னு சொன்னீங்க, பல்லைப் பேத்துடுவேன்!"

எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஸ்பீக்கரைப் போட்டுப் போனைத் தரையில் வைத்தாள். மண்டியிட்டாள். வலது கையைத் தட்டில் அழுத்தி வைத்தாள்.

"பச்சப்புள்ளகிட்ட என்ன வீரம் உனக்கு? இந்தா. நான் இருக்கேன். என்கிட்ட எடு."

குளிர் விரலைக் கவ்வியது. மணிக்கட்டு. முழங்கை. தோள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இமைகள் கண்ணில் மணலாக உரசின. கையை எடுக்கவில்லை.

போனில் ஒரு வீறல்.

"அழறா! கண்ணீர் வருதுடி! டயப்பர்கூட நனைஞ்சிருக்கு! கேக்குதா?"

கேட்டது. சிரிக்கப் பார்த்தாள். உதடு பிளந்தது. ரத்தம் வரவில்லை.

சடசட. எட்டு. இந்தத் தடவை வெளிர் சிவப்பு. கட்டிகளுக்கு நடுவில் ஒரு நகம். தட்டில் இருந்த கையைப் பார்த்தாள். முழங்கைவரை குச்சி. விரல்களை மடக்க நினைத்தாள், மடங்கவில்லை.

போனில் அழுகை மெலிந்தது. இன்னும் மெலிந்தது.

"ஐயோ, மறுபடியும்..." என்றார் அவர்.

அவள் இடது கையையும் உள்ளே வைத்தாள்.